பொருளின் பெயர்

பீ.எச்.ஐ. மாத்தயா படிவத்தை
கண்ணாடிப் பெட்டியின் மேல் விரித்து
ரோல்ஸ் எத்தனை மணிக்குப் பொரித்தது என்று கேட்டார்.
எழுதினார்.
பிளேன்டீ, பால்கோப்பி, வட்டிலப்பம்.
அதுவரை கஷ்டமில்லை.
பிறகு பேனையால் சுட்டினார்:
இது?

இது
உயரக் கிளாசில் முக்கால்வாசி கிரீம்சோடா.
அதன் தலையில் ஒரு கரண்டி வெனிலா.
கரண்டி இறங்கியதும்
என்னவோ ஞாபகம் வந்ததுபோல்
விளிம்பு தாண்டி எழும்பி வரும் நுரை.
அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
மூன்று வருடமாகப் போட்டுக் கொடுக்கிறேன்.
மூச்சே புகையாய்ப் போகிற ஊரில்
இதை யார் குடிப்பார்கள் என்று கேட்காதீர்கள்.
நடுங்கி நடுங்கிக் குடிப்பார்கள்,
முடித்த கையோடு சுடச்சுடப் பிளேன்டீ கேட்பார்கள்.

பெயரா?
லீக்ஸ் ஏற்ற வரும் ஏறாவூர் லொறிக்காரர்
நுரையன் ஒண்டு போடு புள்ள என்பார்.
சாவகச்சேரியிலிருந்து மலைக்கு வந்து
மங்கிக் குல்லாவுக்குள் ஒளிந்திருப்பவர்
சோடாவுக்கை ஐஸ்கிறீம் விட்டுத் தாங்கோ என்பார்;
அது பெயரில்லை, செய்முறை.
மாத்தறை நோனாவும் அப்படித்தான்,
அய்ஸ்கிறீம் தாபு சோடா எகக் நங்கி.
டிக்கோயாப் பையன்கள் சம்பள நாளில் மட்டும் வருவார்கள்,
மூன்று பேர், மூன்று ஸ்ட்ரோ, ஒரு கிளாஸ்:
அக்கா, பொங்கல் ஒன்னு!

குவைத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்த
போகவந்தலாவைப் பெரியநாயகி
ஃப்ளோட் என்றாள், மெதுவாக,
வேறு யாருடைய ஃபிரிட்ஜையோ திறப்பதுபோல.
அங்க நான்தான் போடுவேன், புள்ளைங்களுக்கு.
வாயில வச்சதில்ல.
வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
இனிப்பு கூட, என்றாள்.
காசு வாங்க வேண்டாம் என்று
இல்யாஸ் நானா கண்ணைக் காட்டினார்.
அவள் வைத்துவிட்டுத்தான் போனாள்.

ஒரு சொல்லில் சொல்லுங்க தங்கச்சி, இடம் கொஞ்சம்தான் இருக்கு.
குடிக்கிறதா, சாப்பிடுறதா?
முதல்ல சாப்பிடுவாங்க சேர்,
அப்புறம் குடிப்பாங்க,
கடைசியில அடியில சுரண்டுவாங்க.

சனத்தொகைக் கணக்கெடுக்க எங்கள் லயத்துக்கு வந்தவரும்
இதே மாதிரித்தான் பேனையைத் தூக்கிப்பிடித்து நின்றார்.
இனம்?
அப்பா ஒரு பெயர் சொன்னார்.
தம்பி குறுக்கே விழுந்து இன்னொன்று சொன்னான்.
பால் பொங்குது என்று நான் உள்ளே போய்விட்டேன்.
அடுப்பில் பால் இருக்கவில்லை.

அதற்குள் காட்டுவதற்காகப் போட்ட கிளாஸ்
அதன் வேலையைத் தொடங்கியிருந்தது.
நுரை விளிம்பில் நின்று, யோசித்து, இறங்கி,
கண்ணாடி வழியே படிவத்தை நோக்கி வந்தது.
துடை! என்று கத்தினேன்
குசினியில் இருந்த செல்வகுமாரனுக்கு.
துடை! என்று அவன் திருப்பிக் கத்தினான்,
வழக்கம்போல,
ஓடர் என்று நினைத்து.
ஏனென்றால் கடைக்குள்ளே நாங்கள் அதைச் சொல்வது அப்படித்தான்:
ரெண்டு துடை, நாலாம் மேசைக்கு.
ஒன்று போனால் பின்னாலேயே ஒரு துணியும் போகவேண்டும்.

ஆ, என்றார் மாத்தயா.
நனையாத மூலையில்
தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துவைத்து எழுதினார்.
நான் வாயைத் திறந்தேன்.
இல்யாஸ் நானா என் காலை மிதித்தார்.

இப்போது அனுமதிப் பத்திரம் சட்டம் போட்டு
கல்லாவுக்கு மேலே தொங்குகிறது.
ரோல்ஸ். வட்டிலப்பம். துடை.

நேற்றிரவு ரயிலில் வந்த சாவகச்சேரிக்காரர்
குல்லாவை நெற்றிக்கு ஏற்றி
அதை இரண்டு தரம் வாசித்தார்.
பிள்ளை, மலைக்குப் போற ஆக்கள் நாங்கள்,
மச்சம் வேண்டாம்.
எனக்கு அந்தச் சோடாவுக்கை விடுறதைத் தாங்கோ.